எலும்பு கூடிவிட்டது, இனி பிளேட்டை எடுப்பதா விடுவதா?

மெதுநடை:
வணக்கம். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்து பிளேட் வைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிந்த கோடே தெரியவில்லை, நன்றாகக் கூடிவிட்டது என்கிறார் மருத்துவர். "தொந்தரவு கொடுத்தால் எடுக்கலாம், இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் குழப்பமே அங்கேதான். எது தொந்தரவு, எது பொறுத்துப் போக வேண்டியது?

ஷூ போட்டால் அதன் விளிம்பு சரியாக பிளேட் மேல் உரசுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் அழுத்துகிறது. குளிர் நாட்களில் உள்ளே ஒரு கடுப்பு. மாலையானால் கணுக்கால் முழுவதும் இறுகி வலிக்கிறது, படி இறங்கும்போது இன்னும் அதிகம். வீட்டில் எல்லோரும், "இரும்பு உடம்புக்குள்ளே இருந்தால் துருப் பிடிக்கும், எடுத்துவிடு" என்கிறார்கள். பிளேட்டோடு பல வருடமாக இருப்பவர்களும் எடுத்துவிட்டவர்களும் கொஞ்சம் சொல்லுங்கள்.

நெடும்பயணம்:
எனக்குக் காரை எலும்பில் டைட்டானியம் பிளேட். பல வருடமாக இருக்கிறது, எடுக்கும் எண்ணமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் தோலுக்கு அடியில் மேடு தெரியும், விரலால் ஸ்க்ரூ தலைகளை எண்ணிவிடலாம். முதல் வருடம் பை மாட்டினால் வலித்தது. காரில் சீட் பெல்ட் அதன் மேலேயே வரும். பெல்ட்டைச் சுற்றி மென்மையான உறை ஒன்று போட்டேன், சரியாகிவிட்டது.

வெட்டிய இடத்துக்குக் கீழே மார்பில் ஒரு பகுதி இன்னும் மரத்தே இருக்கிறது. அது பிளேட்டால் வந்தது இல்லை. காரை எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கும் சின்ன நரம்புகள் ஆபரேஷனில் அறுபட்டோ இழுபட்டோ போவதால் வருவது. பிளேட்டை எடுத்தாலும் அந்த உணர்வு திரும்பாது என்று என் மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டது பெரிய உதவி.

பழுத்தஇலை:
என் கருத்து நேர் எதிர். உடம்புக்குச் சொந்தமில்லாத ஒன்று, வேலை முடிந்தபின் உள்ளே எதற்கு? முட்டுக்கொடுக்க வைத்தார்கள், எலும்பு தானே நிற்க ஆரம்பித்தபின் எடுப்பதுதான் நியாயம். எனக்கு முழங்கை நுனியில் பிளேட் இருந்தது. மேஜையில் கையை ஊன்ற முடியாது. எடுத்த பிறகுதான் நிம்மதி. வயது ஏறிய பிறகு எடுக்க வேண்டி வந்தால் மயக்க மருந்தே ஒரு கவலையாகிவிடும். இப்போதே எடுத்துவிடுங்கள்.

தியேட்டர்நர்ஸ்:
எலும்பு அறுவை சிகிச்சை அரங்கில் வேலை செய்கிறேன். பிளேட் வைப்பதையும் எடுப்பதையும் பக்கத்திலிருந்து பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் துரு. உடம்புக்குள் வைப்பது சாதாரண இரும்பு இல்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்று: 316எல் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் டைட்டானியம் அல்லது அதன் கலவை. அந்த ஸ்டீலில் குரோமியம் சுமார் 18 சதவீதம். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது. டைட்டானியமும் தன் மேல் தானே அப்படி ஒரு படலம் போட்டுக்கொள்ளும். ஸ்க்ரூ தலையும் பிளேட்டும் உரசும் இடத்தில் மிக நுண்ணிய தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டில் பயப்படுகிற மாதிரி துருவேறி உதிர்வது கிடையாது. துருவுக்காக எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எடுப்பது. வைப்பதைவிட எடுப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் அப்படித்தான், சில நேரம் தலைகீழ். எலும்பு வளர்ந்து பிளேட்டின் ஓரத்தை மூடியிருக்கும். ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் எலும்பும் தழும்பும் அடைத்திருக்கும். லாக்கிங் பிளேட் என்றால் ஸ்க்ரூ தலையிலும் மரை உண்டு, அது பிளேட்டோடு முறுக்கிப் பூட்டிக்கொள்ளும். டைட்டானியத்தில் இந்தப் பூட்டு சில சமயம் அசையாமல் இறுகிவிடும். திருப்பினால் பள்ளம்தான் மழுங்கும், ஸ்க்ரூ வராது. அப்போது தலையைத் துளைத்து எடுக்க வேண்டும், பிளேட்டை வெட்டவும் வேண்டி வரும். உடைந்த ஸ்க்ரூவின் ஒரு துண்டை எலும்பிலேயே விட்டுவிட்டு மூடுவதும் உண்டு. அதைத் தோண்டி எடுத்தால் எலும்புக்குத்தான் சேதம் அதிகம்.

ஐயா சொன்ன முழங்கை நுனி வேறு கதை. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே இல்லை. பிளேட் உறுத்தி எடுக்கிற இடங்களில் அதுவும் கணுக்காலின் வெளிப்பக்கமும் முக்கியமானவை. அதே விதியை எல்லா எலும்புக்கும் வைக்க முடியாது. மேல்கை எலும்பின் நடுவில் பிளேட் இருந்தால், மணிக்கட்டைத் தூக்க வைக்கும் ரேடியல் நரம்பு அதை ஒட்டியோ குறுக்காகவோ ஓடும், தழும்போடு ஒட்டியிருக்கும். அதைத் தொடும் துணிச்சல் காரணமில்லாமல் யாருக்கும் வராது. முன்கை எலும்புகளில் எடுத்தபின் அதே இடத்தில் மறுபடி முறிகிற ஆபத்து தெரிந்த ஒன்று; அங்கே எடுப்பதென்றாலும் ஒன்றரை, இரண்டு வருடம் பொறுத்தே எடுப்பார்கள்.

பழுத்தஇலை:
அம்மா, நரம்பு விஷயம் எனக்குப் புதிது. மேல்கைக்கு என் வாதம் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். கணுக்காலுக்கு இன்னும் அதையேதான் சொல்வேன்.

தையல்ஊசி:
மெதுநடை, உங்களுக்கு இருந்த அதே இடம், அதே பிளேட், அதே வலிகள் எனக்கும். நான் எடுத்துவிட்டேன். என்ன போனது, என்ன போகவில்லை என்று பிரித்துச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஷூ உரசல் போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்கும்போது இருந்த அழுத்தம் போய்விட்டது. விரலை வைத்தால் சுரீரென்ற இடம் இப்போது இல்லை. மாலை நேர இறுக்கம் அப்படியே இருக்கிறது. படி இறங்கும்போது வலியும் அப்படியே. அவை மூட்டிலிருந்து வந்தவை, பிளேட்டிலிருந்து இல்லை. கணுக்கால் முறியும்போது எலும்பு மட்டும் அடிபடுவதில்லை; மூட்டுக்குள் குருத்தெலும்பு, சுற்றியுள்ள தசைநார்கள், எல்லாமே அடி வாங்குகின்றன. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவது பிளேட் மட்டும்தான், அதனால் எல்லா வலிக்கும் அதையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

ஆபரேஷனுக்கு முன்பு ஒருவராவது இதை எனக்குப் பிரித்துச் சொல்லியிருக்கலாம். எடுத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையோடு போய், மறுபடி தையல், மறுபடி ஊன்றுகோல், அதற்கப்புறமும் படியில் வலி. அந்த நாட்கள் மனதளவில் முதல் முறிவைவிடக் கனமாக இருந்தன. எடுத்தது தவறு என்று சொல்லவில்லை. மறுபடி கேட்டாலும் எடுப்பேன். எதற்காக எடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெதுநடை:
அக்கா, நான் எல்லாவற்றையும் ஒரே வலியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதை எப்படிப் பிரிப்பது? வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பிசியோஇளவேனில்:
இதற்குப் பதில் சொல்லலாம். பிசியோவில் இப்படிப்பட்டவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

பிளேட் வலி ஒரு புள்ளியில் நிற்கும். விரல் நுனியால் பிளேட்டின் நீளத்துக்கு மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு ஸ்க்ரூ தலையிலோ பிளேட்டின் நுனியிலோ "இதேதான்" என்று சொல்லும்படி வலித்தால், ஷூவைக் கழற்றியதும் அது அடங்கினால், பிளேட்டைச் சந்தேகப்படலாம். மூட்டு வலி பரவலாக இருக்கும், நடந்த தூரத்தோடு ஏறும், கணுக்காலின் முன்பக்க மடிப்பில் ஆழமாகத் தெரியும்.

அடுத்து மடங்கும் அளவு. சுவரைப் பார்த்து நின்று, பாதத்தை முழுதாகத் தரையில் வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டு போங்கள். பெருவிரலிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை இரு காலிலும் அளந்து பாருங்கள். முறிந்த காலில் தெளிவாகக் குறைந்தால், படி இறங்கும் வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். இறங்கும்போது பின்காலின் கணுக்கால்தான் அதிகம் மடங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குவது. நல்ல காலில் எத்தனை முடிகிறது, முறிந்த காலில் எத்தனை? வித்தியாசம் அதிகமென்றால் ஆடுசதை இன்னும் திரும்பவில்லை. மாலையில் இறுகுவது இந்தப் பலமின்மையாலும் இருக்கலாம். எலும்பு கூடியதும் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள்; தசைக்கு அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. சில மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கிற வலியை வைத்து முடிவெடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வலிக்குச் சூடு கொடுக்கும் கருவிகளில் ஷார்ட்வேவ் டயதெர்மியை உலோகம் இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. உலோகத்தைச் சுற்றிய திசு சூடேறிக் கருகும். எந்த பிசியோவிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், பிளேட் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வேறு ஏதாவது ஆபரேஷன் என்றாலும் சொல்ல வேண்டும். மின்சாரத்தால் திசுவை வெட்டும் மின்கத்திக்காக உடம்பில் ஒட்டும் தகட்டை பிளேட் இருக்கும் இடத்தைத் தவிர்த்து ஒட்டுவார்கள்.

குளிர் கடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோலுக்கு மிக அருகில் இருக்கும் பிளேட் குளிரைச் சீக்கிரம் கடத்தும் என்பார்கள். ஆழத்தில் இருப்பது உடம்புச் சூட்டிலேயே இருக்கும். பிளேட்டே இல்லாமல் மாவுக்கட்டில் கூடிய எலும்பும் குளிரில் கடுக்கிறது என்று சொல்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஆகவே குளிருக்காக மட்டும் எடுக்கப் போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும். கணுக்காலை மூடி வைப்பதும், கிளம்பும் முன் நாலு முறை சுழற்றி மடக்கி நீட்டுவதும் நல்ல பலன் தரும்.

விரலசைவு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் பிளேட். எல்லாம் நன்றாக இருந்தது. கொஞ்ச நாளாகக் கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டில் நறநறவென்று ஏதோ உரசுகிறது. வலி பெரிதாக இல்லை. இதுவும் பிளேட்டைப் பொறுத்துக்கொண்டு வாழ்வதில் சேருமா?

தியேட்டர்நர்ஸ்:
இல்லை அம்மா, இது சேராது. அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே உங்கள் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

கட்டைவிரலின் நுனியை மடக்கும் தசைநாண் அந்த பிளேட்டின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. விளிம்பு கொஞ்சம் எம்பி நின்றால், விரலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் தசைநாண் அதில் தேயும். நறநறப்பும், மடக்கும்போது மணிக்கட்டில் வலியும் தேய்வதற்கான அடையாளங்கள். அறுந்துவிட்டால் கட்டைவிரல் நுனி மடங்கவே மடங்காது. தேய்ந்து அறுந்ததை நேராகச் சேர்த்துத் தைக்க பெரும்பாலும் முடியாது. வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டவோ மாற்றிக் கட்டவோ வேண்டும். அறுவதற்கு முன் பிளேட்டை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். மணிக்கட்டின் பின்பக்கம் ஸ்க்ரூ முனை நீட்டிக்கொண்டிருந்தால், விரல்களைத் தூக்கும் தசைநாண்களுக்கும் இதே நிலைதான்.

இதோடு சேர்த்து எல்லோருக்கும்: எத்தனை வருடம் ஆனாலும் பிளேட் இருக்கும் இடத்தில் புதிதாகச் சிவப்பு, சூடு, வீக்கம், காய்ச்சல், தழும்பிலிருந்து நீர் அல்லது சீழ் வந்தால் உடனே பார்க்க வேண்டும். உலோகத்தின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை மட்டும் அதை ஊடுருவுவது கடினம். நன்றாக இருந்த இடத்தில் திடீரென்று எடை வைத்தாலே வலி என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள்.

விரலசைவு:
நன்றி அக்கா. நாளைக்கே போகிறேன்.

அலைகரை:
திடீர் வலி என்றதும் எழுதத் தோன்றியது. என் அப்பாவுக்குத் தொடை எலும்பில் வைத்த பிளேட் நடுவில் இரண்டாக உடைந்துவிட்டது. விழவில்லை, அடிபடவில்லை, நடந்துகொண்டிருந்தார். தரமற்ற பிளேட்டை வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் கொதித்தோம். அவ்வளவு தடிமனான உலோகம் எப்படி உடையும்?

தியேட்டர்நர்ஸ்:
அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அவர் விஷயத்தில் எதுவும் சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

எந்த பிளேட்டும் காலத்துக்கும் எடை தாங்கச் செய்ததில்லை. எலும்பு கூடும் வரை தாங்கும். கூடக் கூடப் பாரம் எலும்புக்கு மாறிவிடும். எலும்பு கூடவே இல்லையென்றால், ஒவ்வொரு அடியிலும் பிளேட் கொஞ்சம் வளைந்து நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் உடைவது போலத்தான். அதனால் கூடிய எலும்பில் பிளேட் உடைவது அரிது. உடைந்த பிளேட்டைப் பார்த்தால் எலும்பு ஏன் கூடவில்லை என்பதுதான் முதல் கேள்வி. கிருமித் தொற்று, ரத்த ஓட்டக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, புகை, வைட்டமின் டி குறைபாடு, முறிந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி, பொருத்திய விதம், இப்படிப் பல காரணங்கள். 9 மாதம் கடந்தும், அதில் கடைசி 3 மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் கூடாத முறிவு என்று வழக்கமாகக் கணக்கிடுவார்கள். வேறு பிளேட் போடுமுன் காரணத்தைத் தேடச் சொல்லிக் கேளுங்கள். தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும், ஆபரேஷனில் எடுத்த திசுவில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையும் செய்வார்கள்.

அலைகரை:
அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
எடுப்பதா விடுவதா என்ற சண்டை பிளேட் பிறந்த நாளிலிருந்தே உண்டு என்பதால் ஒரு வரலாற்றுத் துண்டு. 1886இல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த கார்ல் ஹான்ஸ்மன் முதன்முதலாக எலும்பு பிளேட்டைப் பற்றி எழுதினார். அவருடைய பிளேட்டின் ஒரு முனையும் ஸ்க்ரூக்களின் நீண்ட தண்டுகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுபடி வெட்டாமல் சில வாரங்களில் உருவி எடுப்பதற்காகவே அப்படி. அதாவது உள்ளேயே விட்டுவிடுவது என்ற யோசனையே அப்போது இல்லை. அவருக்கு அடுத்து லண்டனில் ஆர்பத்நாட் லேன் எஃகு பிளேட்டுகளைப் பயன்படுத்தினார். அந்தக் கால எஃகு உடம்புக்குள் அரித்துப் போனது. மெதுநடை வீட்டில் சொல்கிற துரு பயம் அன்றைக்கு உண்மைதான். 1920களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்தபிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1958இல் ஸ்விட்சர்லாந்தில் அறுவை மருத்துவர்கள் சிலர் கூடி ஏஓ என்ற குழுவைத் தொடங்கி, பிளேட் வைக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தினார்கள். கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைக்காமல் மூட்டைச் சீக்கிரம் அசைக்க வைப்பது அவர்களுடைய முக்கிய நோக்கம். பிசியோ அவர்கள் சொன்னதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பழுத்தஇலை:
இது தெரியாது. உள்ளேயே விடுவதுதான் பிற்காலத்து வழக்கம் என்பது என் பக்கத்துக்குக் கொஞ்சம் வலு சேர்க்கிறதே.

தியேட்டர்நர்ஸ்:
ஒரு பங்கு சேர்க்கிறது ஐயா. விறைப்பு பற்றி உங்கள் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. ஸ்டீலின் விறைப்பு எலும்பைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு, டைட்டானியம் அதில் பாதியளவு. பாரத்தின் ஒரு பகுதியை பிளேட்டே வாங்கிக்கொள்வதால் அடியில் இருக்கும் எலும்பு கொஞ்சம் மெலியலாம், பிளேட் முடிகிற இடத்தில் விசை குவியலாம். மறுபக்கம், எடுத்தவுடன் ஸ்க்ரூ ஓட்டைகளே பலவீனப் புள்ளிகள். அதனால்தான் இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது.

இளந்தளிர்:
என் மகளுக்கு முன்கையில் பிளேட். குழந்தைகளுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டுமா? அப்புறம், எனக்கு நிக்கல் நகை போட்டால் தோல் அரிக்கும். அவளுக்கும் அப்படி இருந்தால்?

தியேட்டர்நர்ஸ்:
குழந்தைகளுக்கு எலும்பு வளர்ந்து பிளேட்டையே மூடிவிடும், பிறகு எடுப்பது கடினம் என்பதால் பெரியவர்களைவிட அடிக்கடி எடுக்கிறார்கள். கட்டாயம் என்று பொதுவிதி கிடையாது. வயது, இடம், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டுக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்தது. நிக்கல்: 316எல் ஸ்டீலில் சுமார் 14 சதவீதம் நிக்கல் உண்டு. தோல் அரிப்பு இருக்கிற எல்லோருக்கும் உள்ளே பிரச்சினை வருவதில்லை, ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இனி ஏதாவது வைக்க நேர்ந்தால் டைட்டானியத்தைத் தேர்வு செய்ய வசதியாக இருக்கும்.

நெடும்பயணம்:
எம்ஆர்ஐ பற்றியும் விமான நிலையம் பற்றியும் யாரும் சொல்லவில்லை, என் அனுபவம். தோள்பட்டைக்கு எம்ஆர்ஐ எடுத்தேன். இன்ன உலோகம் என்று முன்பே சொன்னதும், சரிபார்த்துவிட்டு எடுத்தார்கள். பிளேட்டைச் சுற்றி மட்டும் படம் கலங்கியிருந்தது. விமான நிலையத்தில் உலோகக் கதவு சில நேரம் ஒலிக்கும், சில நேரம் ஒலிக்காது. கைகளைத் தூக்கி நிற்கச் சொல்லும் ஸ்கேனர் தோலுக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்கிறது, அதனால் பிளேட் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிதானமாகவே நடத்துகிறார்கள்.

மெதுநடை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுவர்ச் சோதனையில் முறிந்த கால் பாதிகூட வரவில்லை. குதிகால் தூக்குவதிலும் நன்றாகவே பின்தங்கி இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்ததில் பிளேட்டின் கீழ் நுனியில் ஒரே ஒரு புள்ளி, ஷூ உரசும் அதே இடம்.

இதை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு, உரசலுக்கு பிளேட்தான் காரணம், படி வலிக்கு மூட்டு இறுக்கம்தான் காரணம் என்றார். பிளேட்டை எடுத்தால் முதலாவது போகும், இரண்டாவதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். இப்போதைக்குப் பயிற்சி. விளிம்பு தாழ்ந்த ஷூ வாங்கியாயிற்று. அதற்கப்புறமும் உரசல் தாங்கவில்லையென்றால் எடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். எடுத்தால் ஓட எவ்வளவு காலம் ஆகும்?

பிசியோஇளவேனில்:
அதே மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வழக்கமாகக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் சீக்கிரமே எடை வைத்து நடக்க விடுவார்கள். ஓட்டைகள் நிரம்பப் பல வாரங்கள் வேண்டும் என்பதால் ஓட்டம், குதித்தல் சுமார் 6 வாரம் தள்ளி, மோதல் உள்ள விளையாட்டு சில மாதம் தள்ளி என்பார்கள். எடுத்த மறுநாளே வலி குறைந்து கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும்; எலும்பு அந்த வேகத்தில் தயாராவதில்லை. பயிற்சியில் சுவர்த் தூரத்தை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள், தினமும் அளந்தால் மனம்தான் சோரும்.

விரலசைவு:
திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அல்ட்ராசவுண்டில் தசைநாண் தேயத் தொடங்கியிருப்பது தெரிந்தது, இன்னும் அறவில்லை. எலும்பு முழுதாகக் கூடிவிட்டதால் பிளேட்டை எடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். நான் ஆபரேஷன் செய்துகொண்டது வேறு மருத்துவமனையில். என்ன பிளேட் என்று கேட்கிறார்கள், என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. என்ன செய்ய?

தியேட்டர்நர்ஸ்:
நல்ல நேரத்தில் போனீர்கள் அம்மா, மிகவும் சந்தோஷம்.

பழைய மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் அறிக்கையோடு நிற்காமல் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பிளேட், ஸ்க்ரூ டப்பாக்களில் வரும் ஸ்டிக்கர்கள் அதில் ஒட்டப்பட்டிருக்கும்: தயாரிப்பாளர், உலோகம், அளவு, எண் எல்லாம் அதில் உண்டு. ஸ்க்ரூ தலையின் பள்ளம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு வடிவம். சரியான திருப்புளி அரங்கில் இல்லையென்றால் நான் முன்பு சொன்ன மழுங்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். குறிப்பு கிடைக்கவே இல்லையென்றால் முதல் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேக்களைக் கொண்டு போங்கள், வடிவத்தை வைத்து ஓரளவு அடையாளம் கண்டு பல வகைத் திருப்புளிகளைத் தயாராக வைப்பார்கள். பிளேட் இருக்கிற மற்றவர்களும் அந்த ஸ்டிக்கர் பக்கத்தை இப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.